பெயர் போடாமல் வந்த தாளம்

மார்ச் 4, சனி

மூன்று மணி நிகழ்ச்சியை முடித்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். எங்கள் வட்டார வானொலிக்கு வாரம் நாற்பது பாட்டு வருகிறது. முப்பத்தைந்து ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது. இன்று ஒன்று, பெயர் போடாமல். "கேளுங்க" என்று ஒரே வார்த்தை.

ஃபங்க் இசைதான், அடிகளுக்கு நடுவில் காலி இடம் விடுகிற எங்கள் பெலோ ஒரிசோன்டே நகரத்து ஃபங்க். ஆனால் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல், நான் காலைத் தூக்கிய பிறகு விழுகிறது. மேலே ஊசி மாதிரி ஒரு கீச்சல் ஏறுகிறது. அடியில் ஏதோ ஒன்று எதையோ உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஒலிப்பதிவு பார்க்கும் ஜில்தாசியோ ஒலிப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "சுல்மீரா, யாருப்பா இது?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குப் புல்லரித்தது. கூடவே சந்தேகமும். இவ்வளவு நன்றாகச் செய்கிறவன் ஏன் பெயரை மறைக்க வேண்டும்?

மார்ச் 6, திங்கள்

"அடுத்த வாரம் போடு, போடு" என்று ஜில்தாசியோ நச்சரிக்கிறான். அவனுக்கென்ன. இரண்டு வருடத்துக்கு முன் 'குன்றிலிருந்து புதுக்குரல்' என்று நான் தலையில் தூக்கி வைத்து ஆடிய ராப் பாடகன், ஒரு குளிர்பானக் கம்பெனி விளம்பரத்துக்காகத் தயாரித்த ஆள் என்று தெரிந்தபோது ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவனைப் பார்த்து இல்லை.

மறுபடியும் கம்பெனியா? இல்லை, கணினி தானாகச் செய்து தள்ளியதா? யார், எங்கே, எதில் செய்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

மார்ச் 11, சனி

இரண்டாவது வந்துவிட்டது. ஹிப்-ஹாப் நடையில் தொடங்கி, பாதியில் உடைந்து, வெறும் இரைச்சலாகி, அந்த இரைச்சலுக்குள்ளிருந்தே மறுபடி தாளம் எழுகிறது. இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. நடுவில் ஒரு பெண் குரல், துண்டு துண்டாக: "டுத்த — டுத்த — அடு —"

மூன்றாவது முறை கேட்கும்போதுதான் பிடிபட்டது. அது என் குரல்.

மார்ச் 14, செவ்வாய்

வாரநாளில் நான் வரவேற்பு மேசையில் உட்காருகிற பல் மருத்துவமனையில் இன்று வேலையே ஓடவில்லை. பெயரைக் கூப்பிடுகிறேன், அட்டையை எடுக்கிறேன், காதில் அதுவே ஓடுகிறது.

நிகழ்ச்சியில் "அடுத்தது" என்று நூறு தடவை சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வெட்டலாம். ஆனால் அந்தத் துண்டுக்கு முன்னால் நான் தொண்டையைக் கனைப்பதும் இருக்கிறதே! மைக்கைத் திறப்பதற்கு முன்புதான் கனைப்பேன். அது வெளியே போகாது. கேட்கிறவன் ஒருவன்தான்.

ஜில்தாசியோவா? ஆறு வருடமாக என் காபியில் எத்தனை சர்க்கரை என்று தெரிந்தவன். அதனால்தான் "போடு, போடு" என்றானோ? நான் ஏமாந்து புகழ்வதைப் பார்த்துச் சிரிக்க? ச்சே. — ஆனால் வேறு யார்?

மார்ச் 18, சனி

கேட்டுவிட்டேன். தனியாகக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் அவன் உள்ளே நுழைந்ததும், "மூணாவது பாட்டு வந்துச்சா?" என்று பல்லைக் காட்டினான். என்னால் அடக்க முடியவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள், விளையாட்டுப் பகுதிக்காரர், எல்லாரும் இருந்தார்கள்.

"நீயே பண்ணி அனுப்பிட்டு நீயே கேக்குறியா? நான் தொண்டையக் கனைக்கிறத உன்னைத் தவிர யாருடா கேக்க முடியும்? திருட்டுப் பயலே!"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா நீ கனைக்கிறதையும் எச்சில் முழுங்குறதையும் வெட்டி வெளிய போட்டுட்டு, உன் குரல ஊருக்குக் குடுத்துட்டு இருக்கேன். திருடணும்னா என்னைக்கோ திருடியிருப்பேன்."

வானொலி நிலையச் சாவியை மேசையில் வைத்தான். தன் ஹெட்போனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் ஆளுக்கொரு காகிதத்தைப் புரட்டினார்கள்.

குற்றவாளிதான் இப்படிக் கோபப்படுவான் — என்று எழுதிவிட்டு, அரை மணி நேரமாக இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 25, சனி

ஒலிப்பலகையைத் தனியாகச் சமாளித்தேன். நான்கு நிமிடம் எதுவுமே ஒலிபரப்பாகவில்லை. அது எனக்கே தெரியவில்லை.

மார்ச் 27, திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

காலை பத்து மணி. உள்ளே டாக்டர் எவரால்டோ யாருக்கோ பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார். எச்சில் உறிஞ்சும் பம்ப் மாடிப்படிக்கு அடியில் திக்கித் திக்கி ஓடியது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றேன். என் கால் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு அடி தாமதமாக.

என் கால் நின்றது. அந்தக் கீச்சல். அந்த உறிஞ்சல். பதினொரு வருடமாக நான் உட்கார்ந்திருக்கிற இடம்.

இத்தனை சத்தமும் சேர்ந்து கேட்கிற பின்னறைக்கு ஓடினேன். அங்கே பல் செட்டு செய்கிற இவொனெத்தி, முகக்கவசத்தோடு, கையெல்லாம் வெள்ளைப் பொடியோடு உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டர் பல் அச்சுகளுக்கு நடுவில் அவள் கைப்பேசி வாசலைப் பார்த்து நின்றது. பதிவாகிக்கொண்டிருந்தது.

"நீங்களா?"

முகக்கவசத்தை இறக்கினாள். "கண்டுபிடிக்க மூணு வாரமா? பக்கத்து ரூம்தான்."

"பேர் ஏன் போடல?"

"போட்டா என்ன பண்ணுவீங்கன்னு தெரியும். வாரா வாரம் உங்க நிகழ்ச்சியக் கேக்குறேனே. புதுசா யாரு வந்தாலும், எங்க இருந்து வர்ற, யாரு சொல்லிக் குடுத்தா, நிஜமா நீதான் பண்ணியான்னு விசாரிக்கிறீங்க. போலீஸ்காரன் தோத்தான். பாட்ட எப்பதான் கேப்பீங்க?"

"என் குரல எதுக்கு?" என்றேன்.

"இந்த ஆஸ்பத்திரியில தாளம் தப்பாத ஒரே சத்தம் நீங்கதான். டாக்டர் கை நடுங்குது, பம்ப் திக்குது. நீங்க மட்டும்தான் ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை கரெக்டா கனைச்சுட்டுக் கூப்பிடுறீங்க." பிறகு கொஞ்சம் தணிந்து, "கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கணும். தப்புதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஜில்தாசியோ நினைவுக்கு வந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 28, செவ்வாய்

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"வந்தது சரிங்க. ஆனா திருட்டுப் பயன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் என் வீட்டு வாசல்ல வந்து மெதுவா சொல்றீங்களே."

நீங்களாம். என்னைப் போய்.

ஏப்ரல் 1, சனி

வானொலியிலேயே சொன்னேன். இசை போடாமல், சுற்றி வளைக்காமல். எங்கள் ஒலிப்பதிவாளர் ஜில்தாசியோவைத் திருடன் என்றேன், அது பொய், என் சந்தேகத்தைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை, எல்லாரும் கேட்கத்தான் இதைச் சொல்கிறேன் என்றேன். தேதியைப் பார்த்துவிட்டு, முட்டாள்கள் தின விளையாட்டா என்று இரண்டு பேர் போன் செய்தார்கள். மறுபடியும் சொன்னேன்.

பிறகு இவொனெத்தியின் இரண்டு பாட்டையும் போட்டேன், பெயர் சொல்லி. "பேரைச் சொல்லுங்க. சனிக்கிழமை டாக்டர் மீன் பிடிக்கப் போயிடுவாரு, கேக்க மாட்டாரு" என்று அவளே சம்மதித்திருந்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜில்தாசியோ அழைக்கவில்லை.

ஏப்ரல் 5, புதன்

டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. மீன் பிடிக்கிற படகிலும் வானொலி இருந்திருக்கிறது. கத்தினார், பிறகு பம்ப் திக்குவதை ஊரே கேட்டதே என்று வெட்கப்பட்டுப் புதுப் பம்ப் வாங்க ஆள் அனுப்பினார். பழையதை இவொனெத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மே 20, சனி

ஜில்தாசியோ வானொலிக்குத் திரும்பி வரமாட்டானாம். இவொனெத்திக்கு ஒலி பார்க்கிறானாம். அவள்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். முதலில் தோன்றியது: எனக்குப் பின்னால் இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் வந்தது, மறைப்பானேன்.

ஜூன் 18, ஞாயிறு

தேவாலய முற்றத்தில் ஜூன் திருவிழா. சோளக் கஞ்சிப் பானைகளுக்கும் காகிதக் கொடிகளுக்கும் நடுவில், பகல் வெயிலில், இவொனெத்தி தன் பம்பையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசித்தாள். முதல் பாட்டுக்குச் சனம் முழித்தது. இரண்டாவதில் கஞ்சி ஊற்றுகிறவள் கரண்டியோடு ஆட ஆரம்பித்தாள். அதன் பிறகு எனக்கு யார் என்ன என்றே தெரியவில்லை, நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஜில்தாசியோ ஒலிப்பலகையருகே ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துச் சுருட்டினேன்.

"இப்படிச் சுத்துனா உள்ள முறுக்கிக்கும்" என்று கையிலிருந்து பிடுங்கி, பிரித்து, ஒரு முனையை என்னிடமே நீட்டினான். "பிடி. இழுக்காத."

ஒன்பது ஒயர் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டோம்.