பதினேழாம் குழி

உலான்பாத்தர்
அக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

கொரியாவில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் தம்பியும் சித்தியோடு நம் வீட்டில் நலம். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

பள்ளியை விட்டபின் நான் சேர்ந்த வேலை உங்களுக்குத் தெரியும். வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கு நிலத்தடியில் கம்பளி சுற்றுகிறோம். பழைய உறை கிழிந்த இடத்தில் சூடு மண்ணுக்குப் போய்விடும். மேலே பனி தங்காது. அதைப் பார்த்துத்தான் குழியைத் திறப்போம்.

இன்று காலை பதினேழாம் குழி. சுற்றிலும் பனி, மூடியைச் சுற்றி மட்டும் ஈரமண். "ஊமைச்சி இறங்கட்டும், அவதான் நூலு மாதிரி இருக்கா" என்று கூட வேலை செய்யும் துல்மா அக்கா, அதிகம் பேசாத என்னைக் கிண்டல் செய்தார். இறங்கினேன். இருட்டில் யாருடைய காலையோ மிதித்துவிட்டேன். பயத்திலும் கை தானாக நீண்டது. காலை மிதித்துவிட்டால் பகை வராதிருக்கக் கை குலுக்கும் நம் வழக்கம் விடுமா? அந்த ஆளும் கை கொடுத்தார். வலது கை. சுண்டுவிரல் இல்லை.

அம்மா, அது அப்பா. குதிரைக் கயிறு அறுத்த அதே விரல்.

கோபிப் பாலைவனத்துச் சுரங்க வேலை மார்ச்சிலேயே போய்விட்டதாம். குழாயில் வெந்நீர் விடத் தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான் படுக்கிறார். போன மாதத்திலிருந்து அவர் பேசும்போது பின்னால் ஓயாமல் இரைச்சல் கேட்டதே, கோபிக் காற்று என்றாரே, அது இந்தக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். நம் வீட்டிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா. சுரங்கத்துலயே இருக்கேன்னு நெனச்சுக்கட்டும்" என்றார். வீட்டுக்குக் கூப்பிட்டேன். குழாயின் வளைவைத் தொட்டுக்காட்டி, "சூடு இங்கதான் போகுது, நல்லா இறுக்கிச் சுத்து" என்றார்.

மேலே வந்து, குழாய் தொட முடியாமல் கொதிக்கிறது என்று பொய் சொன்னேன். நாளைக்குத் தள்ளிவைத்தார்கள். நாளை நான்தான் சுற்ற வேண்டும். நன்றாகச் சுற்றினால் மாலைக்குள் குழி குளிர்ந்துவிடும். மோசமாகச் சுற்றினால் மேலே தங்காத பனி காட்டிக்கொடுத்துவிடும்.

நான் சொன்னால் வரமாட்டார். படித்ததும் நீங்கள் அவரைக் கூப்பிடுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம். குளிர் தொடங்கிவிட்டது, பிள்ளைகளிடம் போங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு மூடியைத் திறப்போம். குழி காலியாக இருந்தால் மட்டும் போதாது, அம்மா. அதற்கு முன் நம் வாசலில் அவர் பூட்ஸ் கிடக்க வேண்டும்.

உங்கள் மகள்,
சொலோங்கோ