இலக்கியாவின் வயது

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தூங்குகிற கணவனை எழுப்பினால் நேற்றைய சண்டை தொடரும் என்று, மலர்க்கொடி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள்.

"மாமா, சாம்பார் குக்கர்ல இருக்கு. சாவிய எதிர்வீட்டு ஜான்சி அக்காகிட்ட குடுத்துடுங்க. மூணு மணிக்கு இலக்கியாவோட மிஸ் வரச் சொல்லியிருக்காங்க. பக்கத்துப் புள்ளையக் கடிச்சிட்டாளாம், பெஞ்சுலயே உக்கார மாட்டேங்கறாளாம். நீங்க போங்க. அங்க வச்சு அடிக்காதீங்க."

பேனாவை மூடியவள் மறுபடி திறந்தாள்.

"ரெண்டாவது படிக்கிற புள்ள செய்யற வேலையா இதுன்னு மிஸ் கேப்பாங்க. ஒரு வருஷம் மிச்சமாவும்னு ரெண்டரை வயசுலயே எல்.கே.ஜி.யில கொண்டுபோய்த் தள்ளினது நாமதான்னு சொல்லுங்க. வெக்கப்படாம சொல்லுங்க."

தாளின் அடியில் ஒரு விரல் அகலம்தான் இடம் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி நெருக்கி எழுதினாள்.

"நேத்து 'ஏழு வயசுக் கழுதை'ன்னு சொல்லித்தான அறைஞ்சீங்க? வர்ற கார்த்திகைக்குத்தான் அவளுக்கு ஆறு முடியுது, மாமா. காலையில விரல் விட்டு எண்ணினப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்துது."