சராசரி குறையும்

ஜூன் 10, புதன்

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் அக்கா தொலைபேசியில் சொன்னார். மேற்கொண்டு நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். நீயோ எடுப்பதே இல்லை. ஆகவே கடிதம்.

திங்கட்கிழமை மாலை நூலக வாசலில் நடந்ததைப் பற்றி உனக்குத் தவறான எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. நான் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. உன்னைக் கடந்து போனேன். இரண்டும் வேறு. சிக்னல் பச்சையாக இருந்தது. வண்டி நான்காவது கியரில் சீராக வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் பிரேக் பிடிப்பதென்றால், பெட்ரோல் கொடுத்துச் சேர்த்த வேகத்தையெல்லாம் சூடாக்கிக் காற்றில் விடுவது என்று பொருள். பிறகு முதல் கியரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதனால்தான் கண்ணாடியை இறக்கி, “முக்குல நிக்கறேன், வா” என்று தெளிவாகச் சொன்னேன். அங்கே சாலை மேடேறுவதால் வண்டி தானாகவே வேகம் குறைந்து நிற்கும். நூலகத்திலிருந்து கூப்பிடு தூரம்.

மழை பெய்தது உண்மை. மழை என் ஏற்பாடு அல்ல.

முக்கில் நின்று காத்திருந்தேன். நீ எதிர்ப்பக்கம் போய் உன் அக்கா வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியதைப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ மறந்துபோய் ஏறிவிட்டாய் என்றுதான் இரவு வரை நினைத்தேன்.

வீட்டில் குக்கர் வளையம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டேஷ்போர்டில் சராசரி லிட்டருக்கு இருபத்திரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டர் காட்டுகிறது. இதுவரை வந்ததில் இதுதான் உச்சம். சொல்ல வீட்டில் ஆளில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூன் 13, சனி

அன்புள்ள டாக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர். பதில் வராது என்ற நம்பிக்கையில்தான் உங்களுக்கு வாக்கியங்களே அமைகின்றன. கடிதத்தில் எனக்கும் ஒரு முறை வரும்.

மழை உங்கள் ஏற்பாடு அல்ல. ஒப்புக்கொள்கிறேன். குடை?

போன மாதம் “டிக்கில தேவையில்லாத வெயிட்டை எல்லாம் எறக்கிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னீர்களே, அதில் என் குடையும் இறங்கியது. குடை என்ன, யானைக்குட்டியா? அதை இறக்கிவைத்த பிறகு வண்டி துள்ளிக்கொண்டு ஓடியதா?

நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகங்களில் இரண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். நீங்கள் கண்ணாடியை இறக்கினீர்கள். ஏதோ சொன்னீர்கள். போய்விட்டீர்கள். எங்கள் நூலகக் காவலாளி ஓடி வந்து, “யாரும்மா அது, தெரிஞ்சவரா?” என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லைங்க” என்றேன்.

வெயிலில் ஏசி போடாமல் இருந்தீர்கள், பொறுத்தேன். கண்ணாடியைத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கிறது என்று அதையும் சாத்தினீர்கள். இட்லிப் பானையில் வேகிற மாதிரி வெந்தேன். சிக்னலுக்கு முன்னால் எறும்பு ஊர்கிற வேகத்தில் போய்ப் பின்னால் வருகிறவன் வாயிலிருந்து என் பிறந்தகம் வரைக்கும் திட்டு வாங்கித் தந்தீர்கள்; ஜன்னல்தான் சாத்தியிருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் நிற்காமல் போனதைப் பொறுக்க முடியவில்லை.

நான் திரும்பி வர வேண்டுமானால் வண்டி அக்கா வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வந்து நிற்க வேண்டும். நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும் வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குக்கர் வளையம் குக்கர் மூடியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
நூலக வாசலில் நின்றவள்


ஜூன் 16, செவ்வாய்

அன்புள்ள மனைவிக்கு,

வளையம் கிடைத்தது. நன்றி.

நீ கேட்பது நியாயம். ஆனால் உன் அக்கா வீடு எங்கே இருக்கிறது என்பதையும் நீ யோசிக்க வேண்டும். மேட்டின் உச்சியில் இருக்கிறது. அந்த மேட்டை முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறுவதற்குள் ஒரு வாரம் கட்டிக்காத்த சராசரி கரைந்துவிடும். அவர்கள் அங்கே வீடு கட்டும்போதே நான் சொன்னேன்.

ஆகவே ஒரு சமரச யோசனை. மேடு தொடங்கும் இடத்தில் மருந்துக் கடை இருக்கிறதல்லவா? அதன் முன்னால் நான் நிற்கிறேன். கவனி, நிற்கிறேன். நீ மேலிருந்து இறங்கி வருகிறாய். இறங்குவதில் உனக்கும் சிரமமில்லை. புரிவதற்காக ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன். அம்புக்குறி நீ. பெட்டி கனமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

சகலை வண்டியில் தயவுசெய்து ஏறாதே. அவர் டயர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் தலையும் அவையும் ஒரே நிலையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
மருந்துக் கடை முன்னால் நிற்கத் தயாராக இருக்கும்,
உன் கணவன்


ஜூன் 19, வெள்ளி

டாக்டருக்கு,

வரைபடம் கிடைத்தது. அத்தான் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்கிறார். “அம்புக்குறியா வாழக் குடுத்து வச்சிருக்கணும்மா” என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்.

நீங்கள் வேண்டாம் என்ற அவர் வண்டியில்தான் தினமும் நூலகம் போகிறேன். அது பெட்ரோலை மாடு தண்ணீர் குடிப்பது போலக் குடிக்கிறது. ஆனால் நிற்கிறது. எனக்காக நிற்கிறது, காய்கறி வாங்க நிற்கிறது, தெரிந்தவரைப் பார்த்தால் நிற்கிறது, தெரியாதவரைத் தெரிந்தவர் என்று நினைத்தும் நிற்கிறது.

ஒரே ஒரு சங்கடம். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, எண்ணெய்ப் பாத்திரம் போலப் படம் போட்டது, விட்டு விட்டு எரிகிறது. என்னவென்று கேட்டேன். “அது ரொம்ப நாளா எரியுதும்மா, நல்ல பல்பு” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. டயரில் காற்றடித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியதுண்டா என்று கேட்டேன். ஏன் எப்போதும் கிளட்ச் மேலேயே காலை வைத்திருக்கிறீர்கள், அது என்ன முக்காலியா என்று கேட்டேன். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “ஏண்டி, உன் புருஷனை விட்டுட்டு வந்தியா, இல்ல கூட்டிட்டு வந்தியா?” என்றாள்.

எரிச்சலாக இருக்கிறது. உங்கள் மேல்தான்.

மேட்டிலிருந்து நான் இறங்கி வர மாட்டேன்.

இப்படிக்கு,
அம்புக்குறி


ஜூன் 22, திங்கள்

அன்புள்ள மனைவிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி ஓடக் கூடாது. சகலையிடம் சொல். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் கீழே வடியச் சற்று நேரம் விட வேண்டும். பிறகு பானெட்டைத் திறந்தால் மஞ்சள் வளையம் போட்ட ஒரு கம்பி இருக்கும். அதை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை உருவியதை நம்பக் கூடாது. ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஊற்ற வேண்டும். மேல்கோட்டைத் தாண்டவும் கூடாது. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மெக்கானிக்தான் வண்டியிடம் வர வேண்டும், வண்டி மெக்கானிக்கிடம் போகக் கூடாது.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் அளவு ஒட்டியிருக்கும். சகலையின் அனுபவத்தை நம்பாதே, அந்தச் சீட்டை நம்பு. ரேடியேட்டர் தண்ணீரையும் பார். இன்ஜின் சூடாக இருக்கும்போது அதன் மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது.

நீ ஏர் ஃபில்டரைப் பற்றிக் கேட்டாய் என்று படித்ததும் மகிழ்ச்சியில் கிளினிக்கில் வாய் திறந்திருந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. நீ பக்கத்தில் இல்லாததால் வண்டியில் எடை குறைந்து, சராசரி இருபத்திரண்டு புள்ளி ஆறு ஆகியிருக்கிறது. இதைக் கேட்டு நீ மகிழ்வாய் என்று நினைத்து எழுதினேன். எழுதிய பிறகு அப்படித் தோன்றவில்லை. பேனாவால் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. தாளை மாற்றினால் ஆயில் பற்றி எழுதியதை மறுபடி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூன் 26, வெள்ளி

டாக்டருக்கு,

நேற்று மேட்டின் பாதியில் அத்தான் வண்டி புகைந்து நின்றது. அவர் பானெட்டைத் திறந்து, கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். “கையை எடுங்க! கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். கத்தியது நான், குரல் உங்களுடையது. அத்தானின் கையும் முகமும் முழுசாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம். அதற்கு நன்றி. அக்காவும் சொல்லச் சொன்னாள். ஆயிலும் ஊற்றியாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது. அத்தானுக்கு அது இல்லாமல் இருட்டாக இருக்கிறதாம்.

வண்டி ஆறும் வரை வேறு வேலையில்லாமல் அதன் கையேட்டைப் படித்தேன். உங்களுக்கு ஒரு செய்தி. சரிவில் இறங்கும்போது நியூட்ரலில் போட்டு உருட்டுவீர்களே, அதனால் மிச்சம் எதுவும் இல்லையாம். இந்தக் காலத்து வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடுமாம். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் தன் பாட்டுக்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்குமாம். பிரேக்குக்கும் ஆபத்து. நீங்கள் பழைய வண்டியின் சட்டத்தை வைத்துப் புது வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் வாழ்க்கைத் தத்துவம் எதையும் தேட வேண்டாம். நான் சொல்வது நியூட்ரலைப் பற்றித்தான்.

இனி சராசரி. நான் இறங்கியதும் ஏறியிருக்கிறது. முதலில் குடை, அப்புறம் நான். இரண்டையும் இறக்கியதற்கு உங்கள் வண்டியே சான்றிதழ் கொடுத்துவிட்டது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிளை நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். மாடியறையில் இருந்துகொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நூலகத்துக்கு நடந்தே போகலாம். பெட்ரோலே செலவில்லை. நீங்கள் மகிழ்வீர்கள்.

பதில் வேண்டாம்.


ஜூன் 28, ஞாயிறு

அன்புள்ள மனைவிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் அல்ல; தகவல். இதை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி உன் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது.

நியூட்ரல் விஷயத்தை மெக்கானிக்கிடம் கேட்டேன். நீ சொன்னது சரி என்றார். இவ்வளவு காலம் சரிவுகளில் நான் பட்ட ஆனந்தத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மேட்டில் முதல் கியரில் ஏறினேன். நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. நிறுத்தினேன். அது என்னைப் பார்த்தது. எழுந்திருக்க அதற்கு மனமில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அதுவாக எழுந்து போகும் வரை மேட்டிலேயே கைபிரேக் போட்டுக் காத்திருந்தேன். நாய்க்கு நின்றவன் உனக்கு நிற்கவில்லையே என்று அப்போது தோன்றியது. இதை நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏசி போட்டிருக்கிறேன். நீ ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சராசரி என் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வரை பார்த்தேன். பிறகு அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

சகலை ஜன்னலருகே வந்து, “உள்ள வாங்க சகலை, காபி சாப்பிடலாம்” என்றார். “அவ வந்து கதவைச் சாத்தற வரைக்கும் வண்டிய அணைக்கறதா இல்ல” என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

குடை பின்சீட்டில் இருக்கிறது. பழையது கிடைக்கவில்லை. இது கொஞ்சம் பெரியது, கைப்பிடி மரம். நல்ல கனம்.

நிற்கும்,
உன் கணவன்


அதே நாள்

டாக்டருக்கு,

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் வந்ததிலிருந்து.

முதலில் இன்ஜினை அணையுங்கள். நான் பெட்டி கட்ட நேரமாகும். அக்கா வேறு வழியனுப்புகிறேன் என்று சமைக்க ஆரம்பித்துவிட்டாள். நின்ற இடத்தில் பெட்ரோல் எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. இந்த வியாதியை ஒட்டவைத்தவர் நீங்கள். உள்ளே வந்து அந்தக் காபியைக் குடியுங்கள். அத்தான் உங்களிடம் ஏர் ஃபில்டர் பற்றிக் கேட்க வேண்டுமாம். அவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க மாட்டார், பதில் பேசுவார். நீங்கள் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

இடது பின் டயரில் காற்று குறைவு. மாடியிலிருந்தே தெரிகிறது.

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. பெட்டியில் என்னோடு வருகிறது. எடை அதிகமில்லை.