மலையேறி வந்த நேவி

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, என்னோடு சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன அன்பு மச்சான் அருளப்பனுக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ இருக்கிற இடத்துக்கு நம் தோட்டத்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். போன வாரம், தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நேவிக்காரன் முதுகில் உப்புமூட்டை ஏறி நான் மலையிறங்கினேன். பாதிவழியில் என் சாரம் ஒரு தேயிலைச் செடியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தேன், மாதா மேல் சத்தியம். அதன் நிறமும் நேவி புளூ. நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

சிரித்து முடித்ததும் என்னைத் திருத்துவாய் என்பதும் தெரியும். தலவாக்கலை சலூனில் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு வார்த்தைக்காகச் சண்டை போட்டிருப்போம்! தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டிய ஆள் நீ. துறைமுகத்து வேலிக்கு வெளியே நின்று கப்பல் பார்த்த ஒரே காரணத்தால், கடல் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் எல்லாம் உன் சொந்தச் சொத்து.

நேவி என்றால் ஒரு நாட்டின் கப்பல், ஆள், பீரங்கி, கப்பல் சமையல்காரன் எல்லாம் சேர்ந்த மொத்தப் படை என்பாய். ஒரு கப்பல் நேவி ஆகாது, ஒரு ஆளும் ஆக மாட்டான். சரக்கேற்றுகிற கப்பல்களுக்கு மேர்ச்சன்ட் நேவி என்று பெயராம், அங்கே துப்பாக்கி கிடையாதாம். படைக்காரர்கள் உடுத்திய கருநீலம்தான் நம் துணிக்கடைகளில் வெறும் 'நேவி' என்று தொங்குகிறதாம். நம் நாவாய், சிங்களவரின் நாவிக, வெள்ளைக்காரனின் நேவி, மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றும் ஒருநாள் அடித்துவிட்டாய். "அப்ப நாவப்பழமும் நேவிதான், நெறம்கூட ஒத்துப்போவுது" என்றேன். சவர நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்ததில் கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது.

உனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஒரு தடவைதான். "ஒரு ஆளப் பாத்து நேவி வந்துருச்சுன்னு சொல்றது, என்னையப் பாத்து தோட்டம் வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி மச்சான்" என்றாய்.

"டவுன்ல நம்மள அப்புடித்தானே கூப்புடுறான்? ஏய் தோட்டம், தள்ளி நில்லுன்னு?"

நீ பத்திரிகையை மடித்தாய். அந்த வழக்கு தீராமலே நீ கண்ணை மூடிவிட்டாய். இப்போது தீர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முதலில் மழையைச் சொல்ல வேண்டும், மழை வந்த இடத்தில் என்னால் பகிடி விட முடியவில்லை.

இது நீ பார்த்த மழை இல்லை. கீழே கொத்மலை அணைத் தண்ணீர் செம்மண் குழம்பாகக் கிடந்தது. நாம் வரிசையாகக் குடியிருக்கிற மேல் லயத்துக்குப் பின்னால், மாதா சொரூபத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் போகிற அளவு. பிறகு கால் போகிற அளவு. ஒரு காலையில் செல்லையாவின் ஆடு அதற்குள் விழுந்து கத்தியது. கயிறு எடுத்துக்கொண்டு போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்த செல்லையா கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தான். நூல் பிடித்தாற்போல் நின்ற தேயிலை நிரைகள் நடுவில் வளைந்திருந்தன.

பிறகு பீலித் தண்ணீர். நாம் குளிக்கவும் குடிக்கவும் பிடிக்கிற அந்த ஊற்றுத் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வந்தது. "இனி சீனி போட்டாப் போதும்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மறுநாள் பீலி நின்றுவிட்டது. அத்தனை மழையில், மச்சான், பீலி வற்றிவிட்டது. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது?

கிராம சேவகர் குடையோடு வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கச் சொன்னார். தலையாட்டினோம். நம் ஆட்கள் எப்படி இறங்குவார்கள் என்று உனக்குத் தெரியாதா? காம்பராவுக்கு ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். காம்பரா என்கிற லயத்து அறை நாம் பிறந்து வளர்ந்து சாகிற இடம், ஆனால் நம் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆள் இருக்கிறவரைக்கும்தான் அது நம்முடையது. முன்னொரு மழையில் பெருமாள் குடும்பம் மொத்தமாக இறங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்கள் காம்பராவில் தோட்டத்து உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதிலிருந்து யாரும் காம்பராவை வெறுமையாக விடுவதில்லை. பெரும்பாலும் வீட்டில் வயதான ஆளைத்தான் காவலுக்கு உட்காரவைப்பார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் பெண்சாதி லூர்துவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். பக்கத்துக் காம்பராவில் தங்கச்சி ஸ்டெல்லா. உன் வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் ஏது? அவளே குடும்பம், அவளே காவல்.

ஒரு காலையில் அவள் கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தாள். கதவு பாதியில் நின்று அதற்கு மேல் நகரவில்லை. நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு.

"ஸ்டெல்லா, எறங்கு. இது நல்லதுக்கில்ல."

"கதவு பூட்ட முடியலண்ணே. தொறந்து போட்டுட்டு எப்புடி வாறது?"

"மல நகருதுடி! அதுனாலதான் கதவு பூட்ட முடியல!"

"அதத்தானே நானும் சொல்றேன். பூட்டுனாத்தானே வர முடியும். மொதல்ல நீங்க எறங்குங்க."

"நான் ஆம்பள, சமாளிச்சிக்குவேன்."

"ஆமா, மலைக்கு ஆம்பள பொம்பள தெரியும் பாருங்க."

பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான், பகிடியில் ஜெயித்தது அவள். அவள் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு விறகுக்கட்டையைத் தேடிப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் நேவி வந்தது. லொறியில் ஒரு படகோடு வந்தது. மேகம் காலுக்குக் கீழே போகிற இந்த ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில் படகைக் கவிழ்த்துவைத்தார்கள். "மலைக்கு எதுக்குய்யா படகு? தேயிலையில துடுப்பு வலிக்கவா?" என்று செல்லையா கேட்டான். ஆடு போன பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். ஆனால் காவலுக்கு உட்காராத கிழவிகள் வந்து அந்தப் படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் நேவி போகும் என்று நீ சொல்வாயே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் எங்கே? மைதானத்தில் இல்லை. பீலியில் இல்லை. மலைக்குள் இருந்தது.

ஆறு பேர் மேல் லயத்துக்கு ஏறி வந்தார்கள். கடலில் நீந்தும் பிள்ளைகளுக்கு நம் ஏற்றத்தில் மூச்சு முட்டியது. காலெல்லாம் அட்டை. அவர்களில் முன்னால் வந்து பேசியவன் புத்திக, மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பையன். ஸ்டெல்லா அவனைப் பார்த்ததும் சுண்ணாம்பு எடுத்து வந்து அட்டையைக் கழற்றிவிட்டாள். அவன் "அம்மே, யமு, யமு" என்று வெளியே கையைக் காட்டினான். அவள், "வாறேன் தம்பி, மொதல்ல குடிங்க" என்று பிளேன்டீயை நீட்டினாள். மலை நகர்ந்துகொண்டிருக்கிறது, இவள் விருந்து வைக்கிறாள்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். கதவு பூட்டாமல் இவள் வர மாட்டாள், கதவு பூட்டாது. அவன் நிலையைத் தொட்டுப் பார்த்தான். சுவர்க்கோட்டில் விரலை வைத்தான். விரல் உள்ளே போனது. அவன் முகம் மாறிவிட்டது. மற்றவர்களிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னான், அதற்குப் பிறகு ஒருவனும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெருமை எனக்கே சேரட்டும். "ஸ்டெல்லா, கதவக் கழட்டிக் கையோட கொண்டுபோயிட்டா? பூட்டுற வேலையே இல்லையே?" என்றேன்.

அவள் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "அவரு ஆசாரிய கூட்டிவந்து போட்ட கதவுண்ணே" என்றாள். "கீறல் விழாமக் கொண்டுவருவாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். நாலு பேர் கீலைப் பிடுங்கிக் கதவைத் தோளில் ஏற்றினார்கள். சவப்பெட்டி போவதுபோல் அது முன்னால் போனது, அதன் பின்னால் ஸ்டெல்லா, உன் படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. மற்றக் காம்பராக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பிடிவாதக்காரி ஸ்டெல்லாவே கதவைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றால் இனி எதற்கு இருப்பது என்று ஒவ்வொருவராக எழுந்துவந்தார்கள். நான் கடைசி. பின்னாலிருந்து "பாத்து, பாத்து" என்று எல்லோருக்கும் கட்டளையிட்டுக்கொண்டு வந்தவன் நான்தான், வழுக்கிக் கணுக்காலை மடக்கிக்கொண்டவனும் நான்தான். புத்திக குனிந்தான். மீதியை உனக்குச் சொல்லிவிட்டேன்.

அவன் முதுகில் போகும்போது நிலத்துக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. பழைய துணியை யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்திக மட்டும் வேகத்தைக் கூட்டினான். பயத்தை மறக்க நம் வழக்கை அவன் காதில் போட்டேன். ஒரு ஆளை நேவி என்று சொல்லலாமா? மூச்சு வாங்கிக்கொண்டே அவன் சிங்களத்தில் சொன்னான்: "தனியா வந்தா நான் புத்திக, மாமா. அந்தக் கதவத் தூக்குறாங்களே, அதுதான் நேவி."

நீ ஜெயித்துவிட்டாய் மச்சான். ஒரு ஆள் நேவி ஆக மாட்டான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

மலை இன்னும் விழவில்லை. அதுதான் இப்போது பெரிய தொல்லை. விழுந்திருந்தால் பிழைத்தோம் என்று கும்பிட்டிருப்போம். விழாததால், அவசரப்பட்டு இறங்கிவிட்டோமோ என்று பள்ளிக்கூடத்தில் முணுமுணுப்பு. நேவி படகையும் ஏற்றிக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டது. மழை விட்டுவிட்டது, ஆனால் குருவிச் சத்தம் திரும்பி வரவில்லை. வெடிப்பு இப்போது எவ்வளவு அகலம் என்று அளந்துபார்க்க யாருக்கும் மனமில்லை.

ஸ்டெல்லா நன்றாக இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் கரும்பலகை மேல் சாத்திவைத்திருக்கிற கதவுக்குக் கீழே படுக்கிறாள். கீறல் ஒன்றுதான், அதுவும் அவள் தேடினால்தான் தெரியும். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "கதவில்லாத காம்பராண்ணே. எவன் வேணும்னாலும் ஒரு மூட்டையக் கொண்டாந்து வைக்கலாம்" என்று ஒரே புலம்பல். யோசனை என்னுடையதாயிற்றே. "அதெல்லாம் பாத்துக்க ஆள் இருக்கு, நீ சாப்புடு" என்றேன். நேற்று இரண்டு இடியப்பம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். அந்த மலை ஒரு முடிவுக்கு வரும்வரை ஸ்டெல்லாவை மேல் லயத்துப் பக்கம் ஏறவே விட மாட்டேன். அவள் காம்பராவும் அவளுக்கே இருக்கும்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் அண்ணன்,
சூசை.

எழுதுவது மேல் லயத்தில், உன் காம்பராவிலிருந்து. கதவு இல்லாததால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களிடம் ஹட்டனுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.