தோளில் கட்டிய வெங்காயம்

அரியூர் நாடு,
1944 மாசி

தூரதேசத்துப் பட்டாளத்தில் இருக்கும் என் மகராசருக்கு,

அங்கே வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சின்ன வெங்காயம் கிடைத்தால் பச்சையாகக் கடித்துச் சாப்பிடுங்கள், சூடு தணியும்.

போன மாதம் உங்கள் தம்பி நம் வயலைக் கேட்டு வந்தார். "அண்ணன் இனி உசுரோட வரமாட்டான். வயல உட்டுட்டு உங்கப்பன் ஊட்டுக்குப் போ" என்று உலக்கையால் என் தலையில் அடித்தார். நினைவு தப்பி விழுந்தேன். அவர் பெண்சாதி அத்தாயிதான் வெங்காயத்தை நசுக்கி என் மூக்கில் வைத்தாள். நான் கண் திறந்தபோது, என்னை எழுப்பியதற்காக அவளை மிதித்துக்கொண்டிருந்தார்.

சுவரோரம் கிடந்த கொடுவாளை எப்போது எடுத்தேனோ தெரியாது. அது அவர் தோளில் பட்டுவிட்டது. இரண்டு முறை.

"செத்துருவாருங்களா அக்கா?" என்று அத்தாயி அலறினாள். வெங்காயத்தையும் மஞ்சளையும் விளக்கெண்ணெயில் வதக்கி, இருவருமாகக் கட்டுப் போட்டோம். பதினெட்டு நாள் மாற்றி மாற்றிக் கட்டியதில் சீழ் பிடிக்கவில்லை, உயிர் தங்கியது. வலது கையைத்தான் தூக்க முடியவில்லை.

நீங்கள் கோபத்தில் ஓடி வராதீர்கள். அவருக்கு இப்போது அத்தாயிதான் சோறு ஊட்டுகிறாள். முகத்தில் காயமில்லாமல் அவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
உங்கள் பெண்சாதி