'பழையதே' என்று எழுத ஆளில்லாத வருடம்

என்னங்க,

இந்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பெருமாளுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் போன் ஒருமுறை மணியடித்தது. நீங்கள் போய் இரண்டு மாதமாகியும் அதற்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். 'அன்புள்ள ஐயா, உங்கள் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது' என்று தெலுங்கில் வந்திருந்தது. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து நான் தெலுங்கு எழுத்துக் கற்றது இதைப் படிப்பதற்காகத்தானா என்று இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் இருப்பதாக நினைத்து எழுதியது அந்தக் கம்பெனி ஒன்றுதான்.

வருடா வருடம் இந்தத் தகவல் வந்ததும் நம் சண்டை தொடங்கும். ஒரு வாரம் நான் போனில் தேடி, நாலு கம்பெனி கேட்கும் தொகையையும் பிள்ளையார் சுழி போட்டு நோட்டில் எழுதி வைப்பேன். நீங்கள் மாங்கூழ் பேக்டரியிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் எதிரில் உட்கார்ந்து நோட்டை உங்கள் பக்கம் திருப்பி வைப்பேன். ஒரு வரி விடாமல் படிப்பீர்கள்.

"முன்னூறு ரூபா கம்மி. அதே வண்டி, அதே ரோடு. எதுக்கு இவன்கிட்டயே கட்டிக்கினு இருக்கணும்?"

"கம்பெனி மாத்துனா போனஸ் போய்டும்டி."

விபத்து என்று பணம் கேட்காமல் ஒரு வருடம் ஓட்டினால், வண்டிக்குக் கட்டும் பிரீமியத்தில் அடுத்த வருடம் கொஞ்சம் குறைத்துவிடுவார்கள். அதுதான் அந்த போனஸ். வருடத்துக்கு வருடம் ஏறி உங்களுக்குப் பாதி வரைக்கும் தள்ளுபடி கிடைத்துக்கொண்டிருந்தது. என் நாலு தொகைக்கும் கீழே பென்சிலால் 'பழையதே' என்று எழுதிவிட்டுக் காபி கேட்பீர்கள். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை திருப்பதிக்குப் போகிற வழியில், பாகாலாவில் ஓர் ஆட்டோ உரசி மட்கார்டு நசுங்கிப்போனது ஞாபகம் இருக்கிறதா? மெக்கானிக் கேட்டார், "இன்சூரன்ஸ் இருக்குதில்ல சார், கிளெய்ம் போடுங்க."

"இருக்குது. அதத் தொடமாட்டேன்."

சிராய்த்த முழங்கையின் எரிச்சலோடு நான் சொன்னேன்: "தொடாததுக்கு எதுக்குக் கட்றீங்க? அது என்ன சாமி உண்டியலா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். நீங்கள் உங்கள் பையிலிருந்தே கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு திருப்பதி வரை நீங்கள் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் நம்மைத் தாண்டிப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனார்.

அந்த வாரமே மகள் வந்திருந்தாள். "நைனா வண்டிய நான் திருப்பதிக்கு எடுத்துக்கினு போறேம்மா. ஹாஸ்டல்லருந்து லேபுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டியதா இருக்குது" என்றாள். சரியென்றேன். சித்தூரில் இந்த வண்டியை ஓட்ட இனி யார் இருக்கிறார்கள்?

இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டேன். இத்தனை வருடமாக நம் கூடத்தில் காபி குடிப்பவர், நீங்கள் உட்காரும் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு ஒன்றில் உட்கார்ந்தார். "அவர் பேர்லயே கட்டிடுங்க" என்றேன். சிக்கனத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வருடமும் உங்களுக்கு ஓர் 'அன்புள்ள ஐயா' வரட்டும் என்றுதான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒத்தும்மா, வேணாம். சார் பேர்ல கட்டுனா அது வெறும் காயிதம். நாளைக்கி ரோட்ல பாப்பாவுக்கு ஒண்ணுன்னா எவனும் குடுக்கமாட்டான். மொதல்ல வண்டிய உங்க பேருக்கு மாத்துங்க."

மாற்றினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்கள் இறப்புச் சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டினேன். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர். வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து நாலு தொகையை எழுதினேன். ஏஜென்ட் மறுபடி வந்தபோது, உங்களோடு போட்ட சண்டையை அவரிடம் கேள்வியாகக் கேட்டேன். "கம்பெனி மாத்துனா போனஸ் போய்டுமா?"

"போகாதும்மா. அது கம்பெனியோடது இல்ல, ஓட்டுனவங்களோடது. எங்க போனாலும் கூடவே வரும். ஓனர் போய்ட்டா வீட்டம்மாவுக்கு வரும்."

"இத ஏன் அவருகிட்ட நீங்க சொல்லல?"

"சொன்னேனே. எட்டு வருசம் இருக்கும்." எதிரில் இருந்த என் நோட்டைப் பார்த்தார். "'அவகிட்ட சொல்லிடாதய்யா, அன்னிக்கே மாத்திடுவா. வருசத்துக்கு ஒருவாட்டி நோட்டத் தூக்கிக்கினு வந்து என் எதிர்ல உக்கார்றா. அது போய்டும்'னாரு சாரு."

அவர் போன பிறகும் டம்ளரை எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடம் என்னைத் தோற்கடித்திருக்கிறீர்கள். கோபப்படவும் நீங்கள் எதிரில் வேண்டுமே. அந்த நாட்களில் மாலையானால் எனக்குச் சமையல், விளக்கு, சகஸ்ரநாமம், வீட்டுக் கணக்கு என்று ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. ஆனால் நோட்டு இல்லாமலும் நான் வந்து உட்கார்ந்திருப்பேன். ஒருதரம் கூப்பிட்டிருக்கலாம் நீங்கள்.

கம்பெனியை மாற்றிவிட்டேன். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் குறைந்த தொகை குறைந்த தொகைதானே. ஏஜென்டும் வருத்தப்படவில்லை. "சார் இருந்தா இன்னிக்கி ஒரு சண்ட நடந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். புதுப் பேப்பரை வழக்கம்போல மஞ்சள் தடவிப் பெருமாள் பாதத்தில் வைத்தேன். உரிமையாளர் என்று என் பெயர். அதற்குக் கீழே போனஸ் ஐம்பது சதவீதம். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்ததைத் தவிர அந்த வண்டியில் நான் செய்தது ஒன்றுமில்லை. நீங்கள் யார்மீதும் மோதாமல் ஓட்டிய அத்தனை வருடமும் இப்போது என் பெயருக்கு நேராக இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை மகள் வந்து வண்டியை எடுத்துப் போனாள். தெருமுனையில் உங்களைப் போலவே நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அதன்மீது நான் கோலம் போடுவதில்லை.

அடுத்த வருடமும் நாலு கம்பெனியில் விசாரிப்பேன். நோட்டில் எழுதி, கீழே ஒரு வரி இடம் விட்டு, உங்கள் நாற்காலிப் பக்கம் திருப்பி வைப்பேன்.