கறுத்துப்போன இசிஜி

என் ராசா, தம்பி சேகருக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் உன்னைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போகவில்லை. இந்தக் கடிதத்திலும் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்.

டவுனில் ஹார்டுவேர் கடை வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, அரியாங்குப்பம் பாலத்தின் நடுவில் இறங்கி நிற்பாய். கேட்டால், "காத்து வாங்குறேன்க்கா" என்பாய். "பெரிய மைனரு" என்று நானும் கேலி செய்வேன். உனக்கு மூச்சு வாங்கியது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

உன் இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொன்ன அன்று, டாக்டர் இசிஜியில் ஒரு கோடு கீழே வளைந்திருப்பதைக் காட்டினார். "இதயத் தசையில தழும்பு விழுறதுக்கு இது அடையாளமா இருக்கலாம். பழைய இசிஜி இருக்கா? சேத்து வெச்சுப் பாக்கணும்" என்றார்.

இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு உன் குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்தது. மழையில் நனைந்துவிடக் கூடாதென்று முதலியார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் நான்தான் லேமினேஷன் போடக் கொடுத்தேன். அந்தத் தாளுக்குச் சூடு ஆகாது என்று யார் கண்டது? மெஷினிலிருந்து கறுப்பாக வந்தது. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் ஃபைலில் செருகிவிட்டேன்.

டாக்டர் அந்தக் கறுப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல, தள்ளிப்போடாதீங்க. வால்வ மாத்திடலாம். தழும்பு விழுந்த தசைய மாத்த முடியாது" என்றார். வெளியே வந்ததும் நீ, "பழசும் இப்படித்தான் இருந்திருக்கும்க்கா. நித்யா பரிட்ச முடியட்டும்" என்று மகளைக் காரணம் காட்டினாய். எதிர்த்துப் பேச என்னிடம் என்ன இருந்தது?

ஆறு மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது. புது வால்வு நன்றாக வேலை செய்தது. உன் இதயம்தான் தேறவே இல்லை. அந்தத் தாளால்தானா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "தாள் இல்லாமலேதான தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னேம்மா" என்றார். அது எனக்கு ஆறுதலா, இல்லையா? இன்னும் தெரியவில்லை.

இப்போது ஒரு சேதி. எனக்கும் அதே கோளாறு. கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தெரியவந்தது. வருஷா வருஷம் இசிஜி எடுக்கிறேன். உன் மகள் நித்யா, காலேஜ் போகிறாள் இப்போது, ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் போட்டு வைக்கிறாள். போன வருஷம் நேராக இருந்த கோடு, போன வாரம் எடுத்ததில் லேசாக வளைந்திருக்கிறது. தழும்பு பெருகுவதற்குள் வால்வை மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நித்யா படிப்பு முடியட்டும் டாக்டர்." உனக்கு அக்காதானே நான்.

திரும்பி வரும்போது நித்யா பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "அத்த, எறங்கு. அப்பா இங்கதான நிப்பாரு. இனிமே நீயும் நிக்கப் போறியா?" என்று கேட்டாள். அவள் அழவில்லை. நான்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன், தம்பி. தேறி வந்ததும் உன் மகளோடு அந்தப் பாலத்தை நடந்தே கடப்பேன். நடுவில் ஒரு நிமிஷம் நிற்பேன். மூச்சு வாங்க இல்லை, உன்னை நினைத்துக்கொள்ள.

உன்னைத் தூக்கி வளர்த்த
வசந்தா அக்கா